அப்பாவின் டைரியில் ஏரி அளவு

என் அப்பா 31 வருடம் செம்பரம்பாக்கம் ஏரியில் லஸ்கராக இருந்தார். மதகுக்கு கிரீஸ் போடுவது, கரையில் எலி வளை விழுந்திருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, மழை வலுத்தால் மணல் மூட்டையோடு நிற்பது எல்லாம் அந்த வேலையில் உண்டு. ஆனால் அவரைக் கேட்டால் ஒன்றைத்தான் தன் வேலை என்று சொல்வார். விடிகாலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்து, எத்தனை அடி என்று எழுதி, ஆபீசுக்குச் சொல்வது. சாதாரண நாளில் ஒருவாட்டி. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் மணிக்கு ஒருவாட்டி, ராத்திரியிலும் டார்ச் லைட்டோடு.

ஆபீஸ் பதிவேடு ஆபீசில் இருக்கும். அது போக, தனக்கென்று ஒரு பாக்கெட் டைரி வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, அடி, அதற்குப் பக்கத்தில் 'மேகம்', 'தெக்கத்திக் காத்து', 'மீன்காரங்க வலை போட்டாங்க' என்று இரண்டு மூன்று வார்த்தை. ஏரியின் முழு மட்டம் 24 அடி. 22ஐத் தொட்டால் வீட்டில் அம்மா மாலையிலேயே சமைத்து முடித்துவிடுவார். அப்பா எந்த நேரத்தில் கிளம்புவார் என்று சொல்ல முடியாது.

2009இல் ஓய்வு பெற்றார். மறுநாளும் ஆறு மணிக்கு எழுந்து வாசலில் நின்றார். பேப்பர் வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் நீர்மட்டம் போட்டிருந்த இடத்தைத் தேடி, செம்பரம்பாக்கம் எண்ணை மட்டும் டைரியில் எழுதிக்கொண்டார். இன்றுவரை அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

நான் செய்வது செயற்கைக்கோள் படங்களில் கோடு போடும் வேலை. 2006இல் கிண்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு படத்தை விரித்துவைத்து அதில் தெரியும் ஏரி, குளம் எல்லாவற்றின் கரையையும் மௌஸால் சுற்றி வரைவது. டிஜிட்டைஸ் பண்ணுவது என்போம். சுற்றி வந்து கோடு மூடினால் ஒரு பாலிகன். ஒரு நாளைக்கு இத்தனை பாலிகன் என்று கணக்கு உண்டு.

அந்த வாரமே செம்பரம்பாக்கம் வந்தது. ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா படத்தைக் கையில் வாங்கினார். ஏரி கருநீலமாக இருந்தது. அதைச் சுற்றி எல்லாமே சிவப்பு.

"என்ன பாப்பா, ஊரே தீப்புடிச்சாப்ல இருக்கு?"

அது தீ இல்லை, வயல் என்றேன். செடியின் இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத இன்னொரு ஒளி இருக்கிறது. அகச்சிவப்பு. நல்ல பச்சை இலை அந்த ஒளியை மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும், வாடிய இலை குறைவாக அனுப்பும், தண்ணீரோ அதை அப்படியே விழுங்கிவிடும். செயற்கைக்கோளின் கருவிக்கு அந்த ஒளி தெரியும். நாம் திரையில் பார்ப்பதற்காக அதற்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறோம். அதனால்தான் நெல் வயல் சிவப்பு, தண்ணீர் கறுப்பு, கட்டடம் வெளிறிய சாம்பல் நீலம். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன நாளைக்கு ஒருவாட்டி பாக்குது?"

16 நாளுக்கு ஒருவாட்டி என்றேன். அவருக்கு அது போதவில்லை. "பதினாறு நாள்ல ஏரி ஒடஞ்சே போயிடும்" என்றார். பிறகு, "எந்நேரத்துக்கு வருது?" என்று கேட்டார். எப்போது வந்தாலும் காலை பத்து மணியை ஒட்டித்தான் என்றதும் தலையாட்டினார். "அது சரி. ஒரே நேரத்துல பாத்தாத்தான் கணக்கு."

இந்த வேலையில் 19 வருடம் ஆகிவிட்டது. பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள்களைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. எவ்வளவு உயரத்தில் பறக்கிறது, எவ்வளவு சின்னப் பொருள் தெரிகிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அப்பா கேட்டது, திரும்ப வருகிறதா, அதே நேரத்துக்கு வருகிறதா என்று.

அது அப்படி வருவதற்காகவே அதன் பாதையை அமைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்த, அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 705 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 99 நிமிடம். அதற்குக் கீழே பூமி தன் பாட்டில் உருண்டுகொண்டிருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஒரு பட்டையைப் பார்க்கும். 16 நாளில் உலகம் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு, மறுபடியும் அதே இடத்துக்கு மேலே வரும். சூரியன் அதே பக்கத்தில், நிழல் அதே பக்கத்தில். அதனால்தான் 1991இன் படத்தையும் 2021இன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது. மாறியது தரை மட்டும் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. எங்கள் தொழிலில் சென்னைக்கு ஒரு விலாசம் உண்டு: பாதை 142, வரிசை 51. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதல் லேண்ட்சாட் 1972 ஜூலை 23 அன்று போனது. அதில் இரண்டு கருவிகள் இருந்தன. பெரிதும் நம்பியது டிவி கேமரா மாதிரியான ஒன்றை. இன்னொன்று, ஒரு கண்ணாடியை விநாடிக்கு 13 தடவை ஆட்டி ஆட்டித் தரையை வரி வரியாகப் படிக்கும் கருவி. அதை வடிவமைத்தவர் வர்ஜீனியா நார்வுட் என்ற பெண்மணி. ஆடும் கண்ணாடி விண்வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்று பலருக்குச் சந்தேகம். ஏவிய சில வாரங்களிலேயே மின்கோளாறால் கேமராவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆடும் கண்ணாடிதான் வேலை செய்தது. ஒரு வருடம் ஓடினால் போதும் என்று அனுப்பிய செயற்கைக்கோள் 1978 ஜனவரி வரை ஓடியது. இன்று வயலில் நோய் கண்டுபிடிப்பதும் காடு அழிவதை அளப்பதும் அந்தக் கண்ணாடியின் வழி வந்த வித்தைதான். நார்வுட் 2023இல் காலமானார். அன்று எங்கள் ஆபீசில் இரண்டு நிமிடம் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் சேர்ந்த காலத்தில் ஒரு லேண்ட்சாட் படம் வாங்க 600 டாலர் ஆகும். சிடியில் வரும். அதை பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். 2008இல் பழைய படங்கள் உட்பட அத்தனையையும் அமெரிக்கா இலவசமாகத் திறந்துவிட்டது. இந்தத் துறையில் ராக்கெட்டைவிடப் பெரிய நிகழ்ச்சி அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு படம் வைத்திருந்தவன் 'நிலைமை இது' என்று மட்டுமே சொல்ல முடியும். நூறு படம் கைக்கு வந்தால்தான் எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லலாம். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்களும் பிறகு இலவசமாகவே வந்தன. சென்டினல்-2 ஜோடி சேர்ந்து 5 நாளுக்கு ஒருவாட்டி ஒரே இடத்தைப் பார்க்கும். லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் நாலு கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). சென்டினலில் ஒரு புள்ளி அரை கிரவுண்டுகூட இல்லை.

நம் நாட்டின் கதையும் சின்னதாகத்தான் தொடங்கியது. 1970ஐ ஒட்டி, கேரளத்தில் தென்னையைத் தாக்கிய வேர்வாடல் நோயைக் கண்டுபிடிக்க, விஞ்ஞானி பிஷரோத் ராம பிஷரோட்டி தலைமையில் ஹெலிகாப்டரில் அகச்சிவப்பு ஃபிலிமை எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்தார்கள். கீழே நிற்கும் விவசாயிக்குத் தெரியும் முன்பே நோய் மேலிருந்து தெரிந்தது. 1979இல் நம் செயற்கைக்கோள் பாஸ்கரா போனது. அதன் கேமராவில் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். 1988இல் ஐஆர்எஸ்-1ஏ. அங்கிருந்துதான் ஏரியின் வடிவம் ஏரி மாதிரியே தெரியத் தொடங்கியது.

லேண்ட்சாட் வரிசையில் ஐந்தாவதன் மேல் எனக்குத் தனிப் பாசம். 1984இல் ஏவினார்கள். மூன்று வருடம் ஓடும் என்பது கணக்கு. 2013 வரை ஓடியது. 29 வருடம்! அப்பாவின் சர்வீஸ் 31 வருடம். 1984 முதல் 2009 வரை இரண்டு பேரும் ஒரே ஏரியைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் கரையிலிருந்து, இன்னொருவர் 705 கிலோமீட்டர் மேலிருந்து. 1991ஆம் வருடப் படம் ஒன்று கிடைத்தபோது அந்தத் தேதிக்கு அப்பாவின் டைரியைப் புரட்டினேன். அந்த வரியும் இருந்தது. அன்று காலை ஆறு மணிக்கு அவர் கோலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பத்து மணிக்குச் சற்று முன்பு அது மேலே போயிருக்கிறது. அந்தப் படத்தை வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். அம்மா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

அப்பாவின் சொந்த ஊர் கடலூர்ப் பக்கம். 1972இல் அவருக்கு 21 வயது. அந்த வருடம் டிசம்பர் 5 அன்று வந்த புயலில் எங்கள் தாத்தாவின் கூரை வீடு போய்விட்டது. காற்று வந்த பிறகுதான் புயல் என்றே தெரிந்ததாம். சாயங்காலம் மாடு கத்தியதை வைத்து ஆத்தா மட்டும் சந்தேகப்பட்டிருக்கிறார். அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்போலோ 17 விண்கலத்திலிருந்து எடுத்த பூமியின் படம் ஒன்று உண்டு. நீலக் கோலிக்குண்டு மாதிரி, முழு வட்டமாக, ஆப்பிரிக்காவும் அரேபியாவும் தெரியும். பள்ளிப் புத்தகம், போஸ்டர், காலண்டர் என்று எங்கும் பார்த்திருப்பீர்கள். எடுத்த தேதி 1972 டிசம்பர் 7. அந்தப் படத்தின் வலது மேல் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு வெள்ளைச் சுழி இருக்கும். இரண்டு நாளுக்கு முன்னால் தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கிய அதே புயல் அது. மனிதர்கள் பூமியை எடுத்த படங்களிலேயே அதிகம் பேர் பார்த்த படத்தில் எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோன காற்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்ளோ அழகாவா இருந்துச்சு" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து 29,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மூன்று பேர் பார்த்த அந்தப் புயலைப் பற்றி, அது கரைக்கு வருவதற்குள் எங்கள் தாத்தா வீட்டுக்கு ஒரு சேதியும் வந்து சேரவில்லை. இன்று நம் வானிலைச் செயற்கைக்கோள்கள் இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் இரண்டும் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றிக்கொண்டு நம் தலைக்கு மேல் அசையாமல் நிற்கின்றன. அரை மணிக்கு ஒரு படம். வங்கக் கடலில் மேகம் திரள ஆரம்பித்த நாளிலிருந்து கரையைக் கடக்கும் வரை கண் எடுக்காமல் பார்க்கலாம். 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம் எல்லாம் பல நாள் முன்கூட்டியே நமக்குத் தெரிந்து வந்த புயல்கள். சேதம் ஆயிற்று, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாடு கத்தும் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

2015 டிசம்பர் 1. அன்றைக்குத் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு ஊருக்குள் வந்தது. ஜாபர்கான்பேட்டையில் அத்தை வீட்டுக்குள் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். அவர்கள் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ராத்திரி இருந்தார்கள். செல்போன் எதுவும் எடுக்கவில்லை. குன்றத்தூரில் எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் தப்பித்தோம். அப்பா ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் டார்ச்சை எடுத்து வாசலில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

நான் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். படங்கள் எல்லாம் வெள்ளை. மேகம்! சூரிய வெளிச்சத்தில் பார்க்கும் செயற்கைக்கோள் எதற்கும் மழைநாளில் கண் தெரியாது. வெள்ளத்தை எந்த நாளில் பார்க்க வேண்டுமோ அந்த நாளில் அவை குருடு. அப்பா எட்டிப் பார்த்து, "அவ்ளோதானா?" என்றார்.

அவ்வளவுதான் என்று சொல்லவில்லை. ரேடார் இருக்கிறது. சென்டினல்-1, நம் ரிசாட் எல்லாம் அந்த வகை. அவை சூரியனை நம்பி இல்லை. தாங்களே நுண்ணலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதைப் படிக்கும். நுண்ணலை மேகத்தைத் தாண்டிவிடும், ராத்திரியும் வேலை செய்யும். இதை நான் அப்பாவுக்கு விளக்க முயன்றபோது அவர் கையிலிருந்த டார்ச்சைத் தூக்கிக் காட்டினார். "அப்ப அது டார்ச்சு வச்சிருக்குதுன்னு சொல்லு."

ஆமாம், அதுதான். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் சலனமில்லாத தண்ணீர் மேல் விழும் வெளிச்சம் அந்தப் பக்கமே போய்விடும், நம் பக்கம் திரும்பாது. அதனால் ரேடார் படத்தில் தண்ணீர் கறுப்பு. கரடுமுரடான தரையோ வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், கொஞ்சம் நம்மிடமும் வரும். வயலில் நிற்கும் வெள்ளத்தை இப்படிச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். நகரத்துக்குள்தான் சிக்கல். தெருவில் நிற்கும் தண்ணீரும் பக்கத்துச் சுவரும் சேர்ந்து ஒரு மூலை மாதிரி ஆகிவிடுகின்றன. அலை தண்ணீரில் பட்டு, சுவரில் பட்டு, நேராக வந்த வழியே திரும்பிவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். அத்தை வீட்டுத் தெரு மாதிரி நெருக்கமான தெருக்களில் எது வெள்ளம், எது வெறும் கட்டடம் என்று பிரிப்பது இன்றும் கஷ்டமான வேலை. அதே இடத்தின் மழைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஓரளவு சொல்ல முடிகிறது. அங்கேயும் முன்பு பார்த்து வைத்திருந்தால்தான் இப்போது பார்ப்பது புரிகிறது.

வெள்ளம் போய் மூன்றே வருடத்தில் வறட்சி. 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அந்தக் கோடைக்குள் நுழையும்போதே அப்பா டைரியைப் பார்த்துச் சொல்லிவிட்டார், "இந்த வருசம் தாங்காது பாப்பா." சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி. 2019 ஜூனில் நான்கிலும் சேர்த்து அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. புழல் ஏரியின் 2018 படத்தையும் 2019 படத்தையும் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் போட்டார்கள். ஒன்றில் நீலம், மற்றதில் மண். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் லாரிக்கு டோக்கன்.

அந்த மாதங்களில் நான் ஒரு வேலை செய்தேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. சென்டினல்-2 வந்துபோன தேதி ஒவ்வொன்றுக்கும், மேகம் இல்லாத படமாக எடுத்து, செம்பரம்பாக்கத்தின் தண்ணீர் விளிம்பை வரைந்தேன். ஏரி சுருங்கச் சுருங்கக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக விழுந்தன, மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி. செம்பரம்பாக்கம் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் ஏரி. ஒரு அடி இறங்கினால் தண்ணீர் நூறு மீட்டர் பின்வாங்கும் இடங்களும் அதில் உண்டு. அதனால் வளையங்கள் நன்றாக விலகித் தெரிந்தன.

வளையம் மட்டும் இருந்தால் பரப்புதான் தெரியும். ஆழம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு எத்தனை அடி என்பது அப்பாவின் டைரியில் இருக்கிறது. தண்ணீரின் மேல்மட்டம் எங்கும் ஒரே உயரம். ஆகவே அந்த நாளின் விளிம்புக் கோடு முழுவதும் தரையில் ஒரே உயரத்தில் கிடக்கும் கோடு. டைரியிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் உயரத்தை எழுதிக்கொண்டே வந்தால், வற்றி முடிந்த ஏரியின் அடித்தரை மேடு பள்ளத்தோடு வந்துவிடும். அணைகளில் வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்க நீர்வளத் துறையினர் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். வண்டல் ஏற ஏற, அதே 20 அடிக்கு முன்பு இருந்த தண்ணீர் இப்போது இருக்காது. கோல் அடியைத்தான் சொல்லும், அடியில் எவ்வளவு சேறு என்று சொல்லாது. படம் பரப்பைச் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. இரண்டையும் சேர்த்தபோதுதான் எனக்கு ஏரி கிடைத்தது.

அந்த ஜூனில் ஒரு நாள் அப்பா டைரியில் எண் போடாமல் 'ஏரி இல்லை' என்று எழுதினார். அதை நான் பார்க்கட்டும் என்று மேசையில் விரித்தபடி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வரைபடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏரிக்குள் இறங்கி நடந்தோம். வெடித்த களிமண். ஒவ்வொரு பாளமும் தாம்பாளம் அகலத்துக்கு. அப்பா காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "இங்க பள்ளம் வரும்" என்பார், வரும். "இந்தப் பக்கம் மேடு, வண்டல் எடுக்காம வுட்டுட்டாங்க" என்பார், என் கோடு அங்கே வளைந்திருக்கும். ஒரு இடத்தில் மட்டும் நான் பெரிய மேடு என்று வரைந்திருந்தேன். சீக்கிரமே தண்ணீர் விலகிவிட்டதாகப் படம் சொன்னது. அப்பா நின்று பார்த்துவிட்டு, "இது மேடு கெடையாது. ஆகாயத்தாமரை கெடந்த எடம்" என்றார். காலால் தட்டினார். காய்ந்த தண்டும் வேரும் சருகாக நொறுங்கின. தண்ணீர் மேல் படர்ந்திருந்த ஆகாயத்தாமரை பச்சை இலைதானே, மேலிருந்து பார்த்தால் வயலைப் போலவேதான் தெரியும். தண்ணீர் இருக்கும்போதே நான் அதைத் தரை என்று வரைந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோடுகளைத் திருத்தினேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கரணையை வரைய வேண்டி வந்தபோது முதலில் நேரில் போய் ஒரு முழு நாள் சுற்றினேன். படத்தில் ஒரே பச்சையாகத் தெரிவதில் எது கோரை, எது ஆகாயத்தாமரை, எது குப்பைமேட்டின் ஓரத்தில் முளைத்த புல் என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, 1,247 ஹெக்டேர் சொச்சம். பழைய படங்களில் அது தெற்கே எவ்வளவு தூரம் நீண்டு கிடந்தது என்று பார்க்கிறவர்களுக்கு மனசு கனக்கும். சாம்பல் நீலம் வருடா வருடம் நாலு கிரவுண்டு, நாலு கிரவுண்டாக உள்ளே வந்திருக்கிறது.

1972க்கு முன்னால் போனது எதுவும் இந்தப் படங்களில் இல்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்து தியாகராய நகரைக் கட்டியது 1920களில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி எந்தப் படத்திலும் இல்லை.

ஏரிக்கு வெளியேயும் இதே மாதிரிக் கணக்குகள் நடக்கின்றன. 2002இல் போன கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களுக்குக் கேமராவே இல்லை. ஒன்றன் பின் ஒன்றாக 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நிறை அதிகமான இடம் வந்தால் முன்னால் போவதைக் கொஞ்சம் இழுக்கும், இடைவெளி மாறும். அது தலைமுடிப் பருமனைவிடக் குறைவாக மாறினாலும் தெரியும். அந்த மாற்றத்தை அளந்து நிலத்தடி நீரை எடை போட்டார்கள். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தானில் 2002 முதல் 2008 வரை மட்டும் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று தெரிந்தது அப்படித்தான். நம் நான்கு ஏரிகளையும் 340 தடவை நிரப்பும் அளவு தண்ணீர் அது. எந்தக் கிணற்றுக்கும் இது தனியாகத் தெரிந்திருக்காது.

கடலுக்கும் அளவுகோல் உண்டு. 1992இல் போன டோபெக்ஸ்-போசைடன் தொடங்கி, ஒன்று ஓய்வதற்குள் அடுத்ததை அனுப்பி, ரேடாரால் கடல் மட்டத்தை அளந்து வருகிறார்கள். முப்பது வருடத்தில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. "நாலு அங்குலம்" என்று அப்பா உடனே மாற்றிக்கொண்டார். கடற்கரை ஊர்க்காரர், அந்த நாலு அங்குலத்தை அவர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வரிசையில் வந்த ஜேசன்-1, 2004 டிசம்பர் 26 காலை, பூகம்பம் நடந்து இரண்டு மணி நேரத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே போனது. நடுக்கடலில் சுனாமி அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர் என்று அளந்தும் வைத்தது. ஆனால் அந்தத் தரவு கீழே வந்து, கணக்குப் போட்டு முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அது அளந்துகொண்டிருந்த வேளையில் மெரினாவில் ஜனங்கள் காலை நடை போய்க்கொண்டிருந்தார்கள். இதை நினைக்காமல் என்னால் அந்த வரைபடத்தைப் பார்க்க முடிவதில்லை. பார்ப்பது ஒரு வேலை, பார்த்ததைச் சரியான நேரத்துக்கு ஆபீசுக்குச் சொல்வது இன்னொரு வேலை. அப்பாவின் லஸ்கர் உத்தியோகத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன.

2025 ஜூலை 30 அன்று நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் போனது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வியில். ஆபீசில் சொல்லிவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். 12 மீட்டர் அகலத்துக்குக் குடை மாதிரி விரியும் ஆன்டெனா, 12 நாளுக்கு ஒருவாட்டி அதே இடம், தரை ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்தினார்.

"இது டார்ச்சு வச்சதா?"

"ரெண்டு டார்ச்சு இருக்குப்பா. ஒண்ணு நாசாவோடது, ஒண்ணு நம்மளோடது."

"மழையில பாக்குமா?"

"பாக்கும்."

"ராத்திரியில?"

"ராத்திரியிலயும் பாக்கும்பா."

ராக்கெட் கிளம்பியதும் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடி வந்து வடக்கே பார்த்தோம். எதிர்வீட்டு மாடியும் தென்னை மரமும் மறைத்தன. உள்ளே டிவியில் கைதட்டல் கேட்டது. அப்பா திரும்பி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைரியை எடுத்தார். காலையில் எழுதியிருந்த ஏரி அளவுக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்.

'மாலை 5.40. ராக்கெட் போச்சு. 2 டார்ச்சு. 12 நாளுக்கு ஒருவாட்டி.'